சதுர அடிக்கு என்ன விலை? சென்னையில் வீடு வாங்கும் கணக்கு

(எபிசோடில் பேசியதில் திரும்பத் திரும்ப வந்ததை வெட்டி, கொஞ்சம் திருத்தி, படிப்பதற்கு ஏற்ற மாதிரி இங்கே கொடுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு மெயிலில் இருந்து ஆரம்பிக்கிறேன். எழுதினவங்க பேர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க. அவங்க அனுமதியோட படிக்கிறேன்.

"அக்கா, எங்க வீட்டுல ரெண்டு மாசமா இதே பேச்சுதான். நங்கநல்லூர்ல 22,000 ரூபாய் வாடகைக்கு இருக்கோம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பிடித்தம் எல்லாம் போக கையில 1,15,000 வரும். பெரும்பாக்கம் பக்கத்துல கட்டிட்டிருக்கிற ஒரு ஃபிளாட், 1,100 சதுர அடி, 80 லட்சம் சொல்றாங்க. இப்ப விட்டா இனிமே சென்னையில வீடே வாங்க முடியாதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். சேமிப்பும் பிஎஃப்பும் சேர்த்து 14 லட்சம் இருக்கு. அப்பா 6 லட்சம் தரேன்னு சொல்லியிருக்கார். மீதிக்கு என் நகையை வைக்கணும். இது ஏறுற மார்க்கெட்டா, இறங்குற மார்க்கெட்டா? அதை மட்டும் சொல்லுங்க."

அதை மட்டும் சொல்லலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா கணக்கு போடப் போட, அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் தெரிஞ்சாலும் அவங்க பிரச்சினை தீராதுன்னு தோணுச்சு. சென்னையில வீட்டு விலை சதுர அடி விலைங்கிற பலகையில மட்டும் ஏறுறதில்ல. அந்தப் பலகை அப்படியே இருக்கும்போதே வேற மூணு இடத்துல சத்தமில்லாம ஏறிடும். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். அவங்க கணக்கையே வைச்சுப் பேசுவோம்.

ஏறுதா, இறங்குதா?

முதல்ல அவங்க கேள்விக்கே வரேன். இந்தியாவில வீட்டு விலைக்கு ரெண்டு முக்கியமான குறியீடு இருக்கு. ரிசர்வ் வங்கி 18 நகரங்களுக்கு ஒரு குறியீடு வெளியிடுது, அதில் சென்னையும் உண்டு. தேசிய வீட்டுவசதி வங்கியோட ரெசிடெக்ஸ் 50 நகரங்களுக்கு வருது. ரெண்டையும் யார் வேணும்னாலும் இலவசமாப் பார்க்கலாம். ஆனா பார்க்கும்போது ஒண்ணு ஞாபகம் வைச்சுக்கணும். ரிசர்வ் வங்கியோட எண் பத்திரப்பதிவுத் தரவில் இருந்து வருது. பத்திரத்தில் எழுதுற தொகையும் கைமாறுற தொகையும் நம்ம ஊர்ல எப்பவும் ஒண்ணா இருந்ததில்லைன்னு உங்களுக்கே தெரியும்.

அது மட்டும் இல்ல. பதிவு மதிப்பு வழிகாட்டி மதிப்பைச் சுத்தியே வரும், அந்த வழிகாட்டி மதிப்பை அரசு மாத்திக்கிட்டே இருக்கும். 2017 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சாங்க. அதோடயே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்தில் இருந்து 4 சதவீதமா ஏத்தினாங்க. முத்திரைத்தாள் தீர்வையோட சேர்த்து 8 சதவீதமா இருந்தது 11 ஆச்சு. 2023-ல அதைத் திருப்பிப் போட்டாங்க. மதிப்பு பழைய அளவுக்கு ஏறுச்சு, பதிவுக் கட்டணம் 2 சதவீதமா இறங்குச்சு, மொத்தம் 9 ஆச்சு. இந்த ரெண்டு தேதியிலும் யாரோட வீடும் ஒரு செங்கல்கூடக் கூடல, குறையல. ஆனா காகிதத்தில் இருக்கிற விலை குதிக்கும். அதனால குறியீட்டில் ஒரு மேடோ பள்ளமோ தெரிஞ்சா, அது சந்தையா சட்டமான்னு பார்த்துட்டு நம்புங்க.

சரி, செய்தித்தாள்ல வர்ற "சராசரி விலை"? அதில் வேற ஒரு சிக்கல். போன வருஷம் பத்து வீடு வித்துச்சு, எல்லாமே 60 லட்சம். இந்த வருஷம் அதே மாதிரி நாலு வீடு 60 லட்சத்துக்கு வித்துச்சு, ரெண்டு கோடி ரூபாய் வீடு நாலு வித்துச்சு. சராசரி 60 லட்சத்துல இருந்து 1 கோடி 30 லட்சத்துக்குப் போயிடும். எந்த வீட்டோட விலையும் ஏறல. சின்ன வீடு வாங்குறவங்க குறைஞ்சுட்டாங்க, அவ்வளவுதான். "விலை இரட்டிப்பு"ன்னு தலைப்பு வரும். உண்மையான செய்தி, நடுத்தரக் குடும்பம் சந்தையை விட்டு வெளியே போயிடுச்சுங்கிறது.

இறங்குற பக்கமும் இப்படித்தான் மறைஞ்சிருக்கும். சந்தை மந்தமானா பில்டர் பலகை விலையைக் குறைக்கவே மாட்டார். குறைச்சா, ஏற்கெனவே வாங்கின அம்பது பேர் வாசல்ல வந்து நிப்பாங்க. அதனால மாடுலர் கிச்சன் இலவசம், பதிவுச் செலவு எங்களோடது, ஒரு வருஷத்துக்கு மெயின்டெனன்ஸ் கிடையாதுன்னு வரும். விலை இறங்காது, சலுகை ஏறும். அட்சய திருதியைக்குத் தங்கக் காசு தர்ற விளம்பரம் வந்தா, சந்தை எப்படி இருக்குன்னு நான் அதை வைச்சே ஓரளவு புரிஞ்சுக்குவேன்.

"சென்னையில நிலம் இறங்கினதா சரித்திரமே இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். 2014-ல இருந்து 2020 வரைக்கும் நகரத்தோட பல பகுதிகள்ல ஃபிளாட் விலை பெரிசா நகரவே இல்ல. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 செப்டம்பர்ல அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு பண்ணக்கூடாதுன்னு உயர் நீதிமன்ற உத்தரவு, நவம்பர்ல பணமதிப்பு நீக்கம், அடுத்த வருஷம் ரெரா, ஜிஎஸ்டி. ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. விலை அப்படியே நின்னாலும் அந்த ஆறு வருஷத்துல அரிசி விலையும் பள்ளிக்கூட ஃபீஸும் ஏறிட்டுத்தானே இருந்தது? அப்ப வாங்கினவங்க வீட்டை வைச்சு நஷ்டப்பட்டிருக்காங்க. பலகையில தெரியாத நஷ்டம். அப்புறம் விலை ஏறுச்சு, அதையும் மறுக்கல. "இப்ப விட்டா எப்பவும் முடியாது"ங்கிறது சந்தை நிலவரம் இல்ல, விற்பனைப் பேச்சு.

விலை ஒளிஞ்சு ஏறுற மூணு இடம்

முதல் இடம், சுவர். அவங்களுக்குச் சொன்னது 1,100 சதுர அடி, 80 லட்சம். அதாவது சதுர அடி சுமார் 7,270. ஆனா 1,100 என்பது சூப்பர் பில்ட் அப். லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா, கிளப் ஹவுஸ் எல்லாத்திலும் உங்க பங்கு அதில் இருக்கு. ரெரா சட்டப்படி விற்பனை கார்ப்பெட் ஏரியாவை வைச்சுத்தான் நடக்கணும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராம, உள்ள நடக்கிற இடமும் உள்சுவரும் சேர்ந்தது அது. நான் திருப்பி எழுதி, ஒப்பந்த வரைவுல கார்ப்பெட் எவ்வளவுன்னு பார்க்கச் சொன்னேன். 770 இருந்துச்சு. இப்ப 80 லட்சத்தை 770-ஆல வகுங்க. சதுர அடி சுமார் 10,390. இருபது வருஷத்துக்கு முன்னாடி நாலு வீடு கொண்ட சின்ன அடுக்குமாடியில, லிஃப்ட் இல்லாம, கிளப் ஹவுஸ் இல்லாம, பொது இடம் குறைவா இருக்கும். அப்ப வாங்கின 1,100-ம் இப்ப வாங்குற 1,100-ம் ஒண்ணு இல்ல.

ரெண்டாவது இடம், மண்ணுக்குள்ள இருக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா சென்னையில வீடு வாங்குறவங்க அதிகம் ஏமாறுறது இங்கதான். அதுவும் சட்டப்படியே ஏமாறுவாங்க.

ஃபிளாட் வாங்கும்போது நீங்க ரெண்டு பொருள் வாங்குறீங்க. ஒண்ணு கட்டடம். இன்னொண்ணு பிரிக்கப்படாத நிலப்பங்கு, எல்லாரும் யூடிஎஸ்னு சொல்றது. கட்டடம் வருஷா வருஷம் பழசாகும். மதிப்பு ஏறுறது நிலத்துக்குத்தான். அப்ப, 80 லட்சம் கொடுத்தா எவ்வளவு நிலம் வருது?

இது எஃப்எஸ்ஐயைப் பொறுத்தது. ஒரு மனையில மொத்தம் எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற அளவு. நம்ம ஊர் கணக்குக்கு ஒரு கிரவுண்டு எடுத்துக்குங்க, 2,400 சதுர அடி. சாதாரணக் கட்டடத்துக்கு முன்னாடி எஃப்எஸ்ஐ 1.5. ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம். 1,000 சதுர அடி வீட்டுக்கு நிலப்பங்கு சுமார் 667. 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல அது 2 ஆச்சு. அதே 1,000 சதுர அடிக்கு 500. அடுக்கு அதிகமான உயரக் கட்டடத்துக்கு 3.25. அப்ப பங்கு 308 சதுர அடி. அகலமான ரோடு இருந்தா பணம் கட்டி இன்னும் கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கலாம், பங்கு இன்னும் சுருங்கும்.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். ஒரே மண்ணுல அதிக வீடு கட்ட முடிஞ்சா வீடு மலிவாத்தானே ஆகணும்? அரசு எஃப்எஸ்ஐயை ஏத்துறப்போ சொல்ற காரணமும் அதுதான். நீண்ட கால நோக்குல அது தப்பான யோசனையும் இல்ல, நகரத்துல வீடு கூடணும்னா மேலதான் போகணும். ஆனா உடனே என்ன நடக்குதுன்னா, நில உரிமையாளருக்கும் இந்தக் கணக்கு தெரியும். "என் கிரவுண்டில் முன்னாடி 3,600 கட்டுவீங்க, இப்ப 4,800 கட்டலாம். அப்ப எனக்கு எவ்வளவு?"ன்னு கேட்பார். நிலத்தோட விலை, அது மேல கட்டி விக்கக்கூடிய வீட்டோட விலையில இருந்துதான் பின்னோக்கி வருது. அதனால கூடுதல் எஃப்எஸ்ஐயோட லாபத்துல பெரும்பங்கு நிலம் வைச்சிருக்கிறவர்கிட்ட போயிடும். வாங்குறவருக்குச் சதுர அடி விலை அதே, காலடியில மண்ணு பாதி.

நேயர் கேட்டுப் பார்த்தாங்க. 310 சதுர அடி. ஒரு கிரவுண்டில் எட்டில் ஒரு பங்கு.

இதோட இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பாருங்க. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ல நிறைவேறி 2024 மார்ச்ல நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்ட எல்லாரோட சம்மதமும் வேண்டாம், மூணுல ரெண்டு பங்கு சம்மதம் போதும். மயிலாப்பூர், நங்கநல்லூர், அண்ணா நகர்ல 35 வருஷப் பழைய ஃபிளாட்டுகளுக்கு இப்ப ஏன் மதிப்பு கூடுதுன்னு கேட்டா, காரணம் இதுதான். அந்தச் சுவருக்கு விலை இல்ல, காலடி மண்ணுக்கு. அதே சமயம், 310 சதுர அடி பங்கோட பல மாடிக் கட்டடத்துல இருக்கிறவங்களுக்கு நாற்பது வருஷம் கழிச்சு அந்த வாய்ப்பு கிடைக்குமா? ஏற்கெனவே முழு எஃப்எஸ்ஐயும் கட்டி முடிச்ச மனையில புது பில்டருக்கு என்ன லாபம் இருக்கும்? இதுக்கு விற்பனைப் பிரிவுல யாரும் பதில் சொல்லல.

மூணாவது இடம், தூரம். 2022-ல சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904-க்கு விரிவாக்க அரசாணை வந்தது. "சென்னை"ங்கிற சொல்லே அஞ்சு மடங்கு நீண்டிருக்கு. "சென்னையில் 50 லட்சத்துக்கு வீடு"ன்னு விளம்பரம் வந்தா, அந்தச் சென்னை எதுன்னு மேப்பைத் திறந்து பாருங்க.

இவங்களுக்கு அந்த அளவு தூரம் இல்ல. ஆனா பாருங்க, இப்ப அவங்க நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறி, ரெண்டாவது ஸ்டேஷன் கிண்டியில இறங்கி ஆபீஸ் போறாங்க. பெரும்பாக்கத்துல இருந்து பஸ், இல்லைன்னா ஸ்கூட்டி, மேடவாக்கம் சந்திப்பு நெரிசல் வழியா. விளம்பரத்துல "மெட்ரோ 5 நிமிடம்"னு போட்டிருக்கு. பொய் இல்ல. இரண்டாம் கட்ட மெட்ரோவோட மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாத்தான் போகுது. ஆனா வராத ரயிலுக்கான விலையை நீங்க இன்னைக்கே ஒரு தடவை கொடுத்துட்டீங்க, 80 லட்சத்துக்குள்ள அது இருக்கு. ரயில் வர்ற வரைக்கும் பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் இன்னொரு தடவை கொடுப்பீங்க.

பெரும்பாக்கம்னு சொன்னதும் ஒண்ணு சொல்லாமப் போக முடியல. அங்கேயே அரசோட மறுகுடியமர்வுக் குடியிருப்பு இருக்கு, 20,000-க்கும் மேல வீடுகள். கூவம், அடையாறு கரையில இருந்த குடும்பங்களை, குறிப்பா 2015 வெள்ளத்துக்கு அப்புறம், அங்க கொண்டுபோய் வைச்சாங்க. வீடு கிடைச்சது. ஆனா வீட்டு வேலை, சித்தாள் வேலை, பிள்ளைங்க பள்ளிக்கூடம் எல்லாம் நகரத்துக்குள்ள. தூரம்தான் அவங்க கட்டுற ஈஎம்ஐ. கட்டுப்படியாகிற வீடுன்னு நாம பேசும்போது, ரூபாயில மட்டும் பேசுறது எவ்வளவு பெரிய தப்புன்னு அந்தப் பஸ் ஸ்டாண்டுல காலையில ஆறு மணிக்கு நின்னா தெரியும்.

அப்புறம், தண்ணி. பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்துலயே இருக்கு. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த இடம் அது. சுத்தியிருக்கிற ஏரிகளோட தண்ணி அங்க வந்துதான் கடலுக்குப் போகணும். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தத் தெருவுல எவ்வளவு நின்னுச்சுன்னு பில்டர்கிட்ட கேட்காதீங்க. தெருமுனை டீக்கடையில கேளுங்க, கையைக் காட்டி உயரம் சொல்வாங்க. ஒரே ஏரியாவுல ரெண்டு தெரு தள்ளினா நிலைமை மாறும், அதனால மொத்தப் பகுதியையும் நான் தள்ளிடச் சொல்லல. மழைக்காலத்துல மிதக்கிற அதே பகுதியில கோடையில லாரித் தண்ணி வாங்கணும், அந்தச் செலவும் மெயின்டெனன்ஸ்ல வரும்.

இனி ரூபாய்க்கு வருவோம்

80 லட்சம்னு சொல்றதுல 80 லட்சம் மட்டும் இல்ல. கட்டிட்டிருக்கிற வீடு, அதனால ஜிஎஸ்டி உண்டு. 5 சதவீதம், 4 லட்சம். (கட்டி முடிச்சு முடிவுச் சான்றிதழ் வாங்கின வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. தாம்பரம் போற ஜிஎஸ்டி ரோட்டுல வாங்குறதுக்கும் இந்த ஜிஎஸ்டிக்கும் சம்பந்தம் இல்லைன்னு போன தடவை ஒருத்தருக்கு விளக்க வேண்டியிருந்தது.) 1 சதவீதம் மட்டும் கட்டுற சலுகை, 2019-ல போட்ட கோட்டின்படி, 45 லட்சத்துக்குள்ளயும் 60 சதுர மீட்டர் கார்ப்பெட்டுக்குள்ளயும் இருந்தாத்தான். 60 சதுர மீட்டர்னா 646 சதுர அடி. இவங்க ரெண்டுலயும் வெளியே.

பதிவு: 2023 டிசம்பர்ல இருந்து புது ஃபிளாட்டுக்கு நிலமும் கட்டடமும் சேர்த்த கூட்டு மதிப்புல பதிவு. 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரை 7 சதவீதம். 80 லட்சத்தையே மதிப்பா வைச்சா 5 லட்சத்து 60 ஆயிரம்.

வங்கிக் கடன் 30-ல இருந்து 75 லட்சத்துக்குள்ள இருந்தா, வீட்டு மதிப்புல 80 சதவீதம் வரை கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி. அப்ப கடன் 64 லட்சம், கைக்காசு 16 லட்சம். பதிவுச் செலவை அந்த மதிப்புல சேர்க்க முடியாது. மொத்தம் கையில இருந்து போகணும்: 16, 5.6, 4. ஆக 25 லட்சத்து 60 ஆயிரம். அவங்ககிட்ட 14, அப்பா 6, நகை 6. சரியா 26. கிச்சன் கபோர்டு, கிரில், ஃபேன், கிரகப்பிரவேசத்துக்கு 40,000 ரூபாய் மீதி.

இனி மாசக் கணக்கு. 64 லட்சம், 8 சதவீதம், 20 வருஷம். ஈஎம்ஐ 53,532. இருபது வருஷம் முடியும்போது கட்டுற வட்டி மட்டும் 64 லட்சத்துக்கு மேல. வீட்டுக்காரர் இந்த 53,500-ஐ மட்டும்தான் பார்த்திருக்கார். வருமானத்துல 46 சதவீதம், "கஷ்டம்தான், சமாளிக்கலாம்"னு சொல்லியிருக்கார். நகைக்கடனை யாரும் ஈஎம்ஐயில சேர்க்கல. 6 லட்சத்துக்கு 9 சதவீதம்னு வைச்சா வட்டி மட்டும் மாசம் 4,500, அசல் அப்படியே நிக்கும். மெயின்டெனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய்னு எழுதியிருக்காங்க, அதுவும் 770-க்கு இல்ல, 1,100-க்கு. 4,400. மொத்தம் 62,400. வருமானத்துல 54 சதவீதம். வீடு முடியுற வரைக்கும் இன்னொரு வேடிக்கை உண்டு. வாடகையும் கட்டணும், அதுவரை வங்கி விடுவிச்ச தொகைக்கு வட்டியும் கட்டணும்.

வட்டி நிலையா இருக்கும்னும் நினைக்காதீங்க. 2019 அக்டோபர்ல இருந்து வங்கிகளோட புது மிதக்கும் வட்டி வீட்டுக் கடன் எல்லாம் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டப்பட்டிருக்கு. 2022 மே மாசம் 4 சதவீதமா இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில 6.5. பத்து மாசத்துல இரண்டரை சதவீதம். 2021-ல 6.7 சதவீதத்துக்கு 50 லட்சம் வாங்கினவருக்கு ஈஎம்ஐ சுமார் 37,870. ஒன்றரை வருஷம் கழிச்சு பாக்கி 48 லட்சத்துச் சொச்சம். வட்டி 9.2 ஆனதும், மாச வட்டி மட்டுமே 36,900 கிட்ட. அதே ஈஎம்ஐ கட்டினா அசலுக்கு 1,000 ரூபாய்கூடப் போகாது. பல பேருக்கு ஈஎம்ஐ மாறல, தவணைக் காலம் நீண்டுகிட்டே போச்சு. ஓய்வு வயசு தாண்டியும் கடன் ஓடுதுன்னு பின்னாலதான் கண்டுபிடிச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது வாடிக்கையாளர்கிட்ட சொல்லணும், தவணையை நீட்டுறதா ஈஎம்ஐயைக் கூட்டுறதான்னு தேர்வு கொடுக்கணும்னு உத்தரவு போட்டது இதனாலதான்.

வட்டி 2025 பிப்ரவரியில இருந்து இறங்குச்சு, நல்லதுதானே? நல்லதுதான், ஏற்கெனவே கடன் வாங்கினவருக்கு. புதுசா வாங்குறவருக்கு அரைகுறை நல்லது. மாசம் 38,000 கட்ட முடிஞ்ச குடும்பத்துக்கு 8 சதவீதத்துல 45 லட்சம் கடன் கிடைக்கும், 7 சதவீதத்துல 49 லட்சம். வாங்குற சக்தி கூடினது எதிர்ல உட்கார்ந்திருக்கிற விற்பனையாளருக்கும் தெரியும்.

அப்ப வாடகையே போதுமா?

22,000 வாடகை. வருஷம் 2 லட்சத்து 64 ஆயிரம். 80 லட்சத்துல அது 3.3 சதவீதம். இப்ப இருக்கிற வீடும் வாங்கப் போற வீடும் ஒண்ணு இல்லதான், இருந்தாலும் ஒரு அளவுக்கு ஒப்பிடலாம். 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, 3.3 சதவீதம் வாடகை மிச்சம் பிடிக்கிறோம். முதல் மாச ஈஎம்ஐயில வட்டி மட்டும் 42,667, வாடகையை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. "வாடகை வீண் செலவு"ன்னு சொல்றவங்க, வட்டியும் திரும்பி வராத காசுதான்னு மறந்துடறாங்க. இந்த இடைவெளியை நியாயப்படுத்தணும்னா வீட்டு விலை வருஷா வருஷம் விடாம ஏறணும். ஏறாத ஆறு வருஷத்தை இப்பத்தான் பார்த்தோம்.

வருமான வரிச் சலுகை? பழைய முறையில சொந்தமா குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டியில 2 லட்சம் வரை கழிவு உண்டு. இப்ப இயல்பா வர்ற புது முறையில அது கிடையாது. இவங்க ரெண்டு பேருமே புது முறையில இருக்காங்க. அந்தக் காரணத்தை அடிச்சிடலாம்.

இத்தனையும் சொல்லிட்டு, வாடகைக்கு இருக்கிறதோட கஷ்டத்தையும் சொல்லணும், இல்லைன்னா நான் நியாயமாப் பேசினதா ஆகாது. "நீங்க சைவமா?"ன்னு முதல் கேள்வி, அப்புறம் எந்த ஊர், எந்த ஆளுங்க. தனியா இருக்கிற பொண்ணுன்னா கதவே திறக்காது. பத்து மாச அட்வான்ஸ் இன்னும் பல இடத்துல நடக்குது. 2019-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரை மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கூடாதுன்னு சொல்லுது. அந்த "எழுதாத வரை"ங்கிற சந்துக்குள்ள பத்து மாசமும் புகுந்துடும். வீட்டுக்காரரோட பையன் அமெரிக்காவுல இருந்து வரார்னா மூணு மாசத்துல காலி பண்ணணும், குழந்தையோட பள்ளிக்கூடம் நடுவருஷத்துல. சொந்த வீடு வேணும்ங்கிற ஆசை விவரம் இல்லாதவங்களோட ஆசைன்னு பேசுற நிதி ஆலோசகர்கள், இந்தக் கேள்விகளை ஒரு தடவைகூட எதிர்கொண்டிருக்க மாட்டாங்க.

அதனால நான் அவங்களுக்கு எழுதினது, வாங்காதீங்கன்னு இல்ல. வருமானத்துல மூணுல ஒரு பங்குன்னு வைச்சா 38,000. அதுக்குக் கிடைக்கிற கடன் 45 லட்சம். நகையை வைக்காம, அப்பா காசைச் சேர்த்து 20 லட்சத்துல பதிவு, மராமத்துச் செலவுக்கு எடுத்து வைச்சுட்டா, கைக்காசு 12, 13 லட்சம். அதாவது 57, 58 லட்சம்தான் உங்க எல்லை. அந்த எல்லையில புதுசுன்னா ரொம்ப தூரம் போகணும். பழைய ஃபிளாட்டுன்னா இப்ப இருக்கிற பகுதியிலயே, இல்லைன்னா ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம், சின்னதா, லிஃப்ட் இல்லாம ஏதாவது அமையலாம். ஜிஎஸ்டி கிடையாது. நிலப்பங்கு கூடுதலா இருக்கும். ஆனா மறுவிற்பனைக்குப் பதிவுச் செலவு 9 சதவீதம், கட்டடத்தோட வயசைப் பார்த்து வங்கி கடன் தொகையையோ காலத்தையோ குறைக்கலாம். குழாய், ஒயரிங் மாத்தணும். இதையும் எழுதினேன். பெரும்பாக்கம் ஃபிளாட்டேதான் வேணும்னா, பதிவு செஞ்ச விற்பனை ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி 10 சதவீதத்துக்கு மேல கொடுக்காதீங்க, ரெரா சட்டம் அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னே சொல்லுதுன்னும் எழுதினேன். புக்கிங் ஆபர் ஞாயித்துக்கிழமையோட முடியுதுன்னு அவசரப்படுத்தினாங்களாம்.

நேத்து ராத்திரி பதில் வந்தது. அந்த ஞாயிறு போயிடுச்சு. திங்கட்கிழமை அதே விற்பனைப் பிரிவுல இருந்து போன், ஆபரை இன்னும் ரெண்டு வாரம் நீட்டியிருக்காங்களாம், கூட ஒரு ஏசி தராங்களாம். வீட்டுக்காரர் இன்னும் சமாதானம் ஆகல. ஆனா போன சனிக்கிழமை ரெண்டு பேருமா தில்லை கங்கா நகர்ல ஒரு பழைய ஃபிளாட் பார்த்துட்டு வந்திருக்காங்க. ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, கிச்சன் சின்னது, சுவர்ல ஓதம். "நிலப்பங்கு 480 சதுர அடின்னு சொன்னாங்க அக்கா, தாய்ப் பத்திரம் காட்டச் சொல்லியிருக்கேன்"னு எழுதியிருக்காங்க.

தாய்ப் பத்திரத்துல என்ன பார்க்கணும், வில்லங்கச் சான்றிதழை எத்தனை வருஷத்துக்குப் போட்டு எடுக்கணும், பட்டாவுல பேர் இல்லைன்னா என்ன பண்ணணும்? அடுத்த வாரம் அதைப் பேசுவோம். உங்க கிட்டயும் இந்த மாதிரி ஒப்பந்த வரைவு இருந்தா, பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு அனுப்புங்க.